ஒரு காமிரா, இரண்டு ஜன்னல்!

எஸ்.எல்.ஆர். காமிராவில் படம் எடுக்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு விசித்திரம் நேருகிறது. பழகிப் போனதால் அவர் அதை விசித்திரமாக எண்ணுவதில்லை. எந்தக் கணத்தில் படம் பதிவாகிறதோ, அந்தக் கணத்தை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை!

கல்யாணப் பந்தலில் கெட்டி மேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். போட்டோக்காரர் காமிராவின் சின்னஞ்சிறு ஜன்னலில் கண்ணைப் பதித்துக் காத்திருக்கிறார். முதல் முடிச்சு விழும்போது பொத்தானை அழுத்துகிறார். 'சடக்'கென்று ஒரு சத்தம். ஜன்னல் இருண்டு போகிறது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமோ, அதற்கும் குறைவோதான். உடனே வெளிச்சம் திரும்பிவிடுகிறது. ஆனால் படம் பதிவானது அந்த இருட்டில்தான். பந்தலில் கூடியிருந்த அத்தனை பேரும் கண்டதை அவர் ஒருவர் மட்டும் காணவில்லை. ஐம்பது வருஷம் கழித்துப் பேரன் பேத்திகள் ஆல்பத்தில் பார்க்கப் போவதோ, அவர் காணாத அந்தக் கணத்தைத்தான்!

அதே காமிராவின் முதுகில் மூன்று அங்குலத் திரை ஒன்று பளபளவென்று இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால், எதிரே உள்ள காட்சி அதில் சினிமாப் போல் ஓடும். 'லைவ் வியூ' என்று அதற்குப் பெயர். செல்போனில் படம் எடுத்துப் பழகிய இளைஞர்கள், புதிதாகக் கைக்கு வந்த காமிராவையும் முகத்துக்கு எதிரே ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்தத் திரையைத்தான் பார்க்கிறார்கள். பழைய போட்டோக்காரர்களுக்கோ இதைக் கண்டால் எரிச்சல். கண்ணை வைத்துப் பார்க்கத் தெரியாதவன் காமிராவைத் தொடவே கூடாது என்பது அவர்கள் கட்சி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசி முனைத் துவாரத்தில் எட்டிப் பார்ப்பானேன் என்பது இளைஞர்கள் கட்சி.

இரண்டு கட்சியாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு ஜன்னல்களும் ஒரே பொருளைக் காட்டுவதில்லை. வியூபைண்டர் என்னும் சிறு ஜன்னல் காட்டுவது எதிரே இருக்கிற உலகத்தை. முதுகில் உள்ள திரை காட்டுவது எடுக்கப்படப் போகிற படத்தை. உலகமும் படமும் ஒன்றல்ல என்பதை, கழுவி வந்த போட்டோவில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்ட எவரும் அறிவார்!

கண்ணாடியின் வேலை

காமிராவின் வயிற்றுக்குள் சற்று எட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். லென்ஸின் வழியே வரும் ஒளி நேராகப் பின்னால் போய் சென்ஸார் என்னும் பதிவுத் தகட்டில் விழவேண்டும். ஆனால் குறுக்கே ஒரு கண்ணாடி நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்து நிற்கிறது. ஒளி அதில் பட்டு மேல் நோக்கித் திரும்பி, ஒரு மங்கிய கண்ணாடித் தகட்டில் பிம்பமாக விழுகிறது. அதற்கு மேலே, காமிராவின் தலையில் கூம்பி நிற்கிறதே ஒரு மேடு, அதற்குள் ஐந்து கோணப் பட்டகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இடவலம் மாறிய பிம்பத்தை நேர் செய்து கண்ணுக்கு அனுப்புவது அதன் பொறுப்பு. விலை குறைந்த காமிராக்களில் கனத்த பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிகளை ஒட்டி வைத்துச் சமாளிக்கிறார்கள். அதனால்தான் அவற்றில் காட்சி சற்று இருட்டாகவும் சிறிதாகவும் தெரிகிறது.

பொத்தானை அழுத்தினால் சாய்ந்திருந்த கண்ணாடி துள்ளி மேலே போகிறது. ஷட்டர் திறக்கிறது. ஒளி சென்ஸாரில் விழுகிறது. ஷட்டர் மூடுகிறது. கண்ணாடி இறங்குகிறது. இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடந்து முடிகிறது. கண்ணாடி மேலே இருக்கும் நேரம்தான் ஜன்னல் இருளும் நேரம்.

ஆகவே வியூபைண்டரில் பார்க்கும் காட்சிக்கும் மின்சாரத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. பாட்டரியைக் கழற்றிவிட்டாலும் பல காமிராக்களில் அது தெரியும். மரத்தில் பட்டுத் தெறித்த வெயில் லென்ஸில் நுழைந்து, கண்ணாடியில் திரும்பி, பட்டகத்தில் புரண்டு கண்ணுக்கு வந்து சேருகிறது. இடையில் தாமதம் என்பதே கிடையாது.

லைவ் வியூவில் நடப்பது வேறு. அங்கே கண்ணாடி முதலிலேயே மேலே போய்விடுகிறது. ஷட்டரும் திறந்தே இருக்கிறது. சென்ஸார் தான் காண்பதை மின்குறிகளாக்கி, காமிராவின் சிறு மூளை அதைக் கணக்கிட்டு, நிறம் சேர்த்து, திரையில் போடுகிறது. இதற்கு ஒரு துளி நேரமாவது பிடிக்கும். திரையில் தெரிவது எப்போதுமே நடந்து முடிந்துவிட்ட ஒன்று! (படம் பதிவாகும்போது இந்தத் திரையும் ஒரு கணம் இருளத்தான் செய்யும். அந்த விஷயத்தில் இளைஞர்கள் கட்சி வெற்றி கொண்டாடுவதற்கில்லை.)

கறுப்புத் துணிக்குள்ளே

லைவ் வியூ புதுமை, வியூபைண்டர் பழமை என்று எல்லாரும் பேசுகிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் நிலைமை தலைகீழாக இருக்கிறது.

பழைய ஸ்டூடியோக்களில் முக்காலியின் மேல் பெரிய மரக் காமிரா நிற்கும். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அங்கே என்ன பார்த்தார்? காமிராவின் பின்புறத்தில் மாட்டிய மங்கிய கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தார். அது தலைகீழாக இருக்கும். அதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. பூதக்கண்ணாடி ஒன்றை அதன் மேல் வைத்து, கண் இமை மயிர் கூர்மையாகத் தெரிகிறதா என்று சோதிப்பார். பிறகு அந்தக் கண்ணாடி இருந்த அதே இடத்தில் பிலிம் தகட்டைச் செருகிப் படம் எடுப்பார். பிம்பம் எந்தத் தளத்தில் பதியப் போகிறதோ, அதே தளத்திலேயே அதை முன்கூட்டிப் பார்ப்பது. இதுதானே இன்றைய லைவ் வியூ! கறுப்புத் துணி போயிற்று. தலைகீழ்ப் பிம்பம் நிமிர்ந்தது. பூதக்கண்ணாடிக்குப் பதில் பிம்பத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பொத்தான் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த முறையில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. தகட்டைச் செருகிய பிறகு போட்டோக்காரர் குருடர். எதிரே குழந்தை தலையைத் திருப்பினால் அவருக்கு லென்ஸ் வழியே தெரியாது. துணியை விட்டு வெளியே வந்து, காமிராவின் பக்கத்தில் நின்று, 'அசையாமல் இருங்கள்' என்று கெஞ்சவேண்டியதுதான். பழைய படங்களில் நம் தாத்தாக்கள் கருங்கல் சிலைபோல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி நிமிஷம் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் பிலிமும் தயாராக இருக்க வேண்டும். இந்த இரட்டை ஆசையில் பிறந்ததுதான் எஸ்.எல்.ஆர். காமிரா. சாய்ந்த கண்ணாடி என்ற யோசனை மிகப் பழையது. ஜெர்மனியில் ஜோஹான் ஜான் என்பவர் 1685-ம் வருஷமே அத்தகைய பெட்டியைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் அது சித்திரம் வரைபவர்களுக்கான பெட்டி. போட்டோக் காமிராவில் அந்தக் கண்ணாடியை மேலே தூக்கிக்கொள்ளும்படி அமைத்து, 1861-ல் இங்கிலாந்தில் பேட்டண்ட் வாங்கியவர் தாமஸ் ஸட்டன். அதே வருஷத்தில், விஞ்ஞானி மாக்ஸ்வெல்லின் சொற்பொழிவுக்காக வண்ண ரிப்பன் ஒன்றை மூன்று நிற பில்டர்களின் வழியே படம் எடுத்துக் கொடுத்தவரும் இந்த ஸட்டன்தான். உலகின் முதல் கலர் போட்டோ என்று பாடப் புத்தகங்களில் காட்டுவது அதைத்தான்.

டிரெஸ்டனிலிருந்து டோக்கியோவுக்கு

சினிமாப் பிலிமை உபயோகிக்கும் கைக்கடக்கமான எஸ்.எல்.ஆர். 1936-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வெளிவந்தது. 'கினே எக்ஸாக்டா' என்று பெயர். ('ஸ்போர்ட்' என்ற சோவியத் காமிராவும் அந்த முதலிடத்தில் பங்கு கேட்பதுண்டு.) அதைக் கண்ணருகே தூக்கிப் பார்க்க முடியாது. மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். பிம்பம் நிமிர்ந்திருக்கும், ஆனால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். வலப் பக்கம் ஓடும் குதிரையைப் பின்தொடரக் காமிராவை இடப் பக்கம் திருப்பிவிட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

பிறகு யுத்தம் வந்தது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டு வீச்சில் எரிந்து சாம்பலாயிற்று. அந்தச் சாம்பலிலிருந்தே 1949-ல் 'கான்டாக்ஸ் எஸ்' என்ற காமிரா வந்தது. அதன் தலையில்தான் ஐங்கோணப் பட்டகம் ஏறியது. பார்ப்பவர் நிமிர்ந்து நிற்கலாம், குதிரை ஓடும் பக்கமே காமிராவையும் திருப்பலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இன்னும் ஒரு குறை பாக்கி. அக்காலத்துக் கண்ணாடி மேலே போனால் போனதுதான். அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றும் வரை கீழே இறங்காது. படம் எடுத்தவர் இருட்டில் நிற்பார். ஹங்கேரியில் 'டூப்ளெக்ஸ்' என்ற காமிரா இதற்கு ஒரு வழி கண்டது. ஆனால் அது சொற்ப எண்ணிக்கையில்தான் உற்பத்தியாயிற்று. 1954-ல் ஜப்பானின் அசாஹி கம்பெனி, தன் 'அசாஹிபிளெக்ஸ்' காமிராவில் கண்ணாடி உடனே தானாகத் திரும்பி வரும்படி செய்தது. இருட்டு, கண் இமைக்கும் நேரமாகச் சுருங்கியது. இதே கம்பெனிதான் 1957 முதல் 'பென்டாக்ஸ்' என்ற பெயரில் காமிரா விற்றது. பென்டாப்ரிஸம் என்னும் ஐங்கோணப் பட்டகத்தையும் கான்டாக்ஸையும் ஒட்டவைத்து ஜெர்மானியர் பதிவு செய்து வைத்திருந்த பெயர் அது! பெயரோடு தொழிலும் டிரெஸ்டனிலிருந்து டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தது என்று சொல்லலாம். 1959-ல் வந்த நிக்கான் எஃப் காமிரா அதை உறுதிப்படுத்தியது.

எஞ்சிய அந்த இமைப்பொழுது இருட்டையும் ஒழித்துவிட வேண்டும் என்று 1965-ல் கேனன் கம்பெனி ஒரு முயற்சி செய்து பார்த்தது. 'பெல்லிக்ஸ்' என்ற காமிராவில், அசையாத, பாதி ஊடுருவும் கண்ணாடியை வைத்தார்கள். ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு, மிச்சம் பிலிமுக்கு. இருட்டு நீங்கியது, ஆனால் ஜன்னலும் மங்கியது, பிலிமுக்கும் ஒளி குறைந்தது. இருவருக்கும் அரை வயிற்றுச் சாப்பாடு! ஜனங்கள் அதை அவ்வளவாக விரும்பவில்லை. அந்த இருட்டோடு வாழப் பழகிக்கொண்டார்கள்.

முதுகில் முளைத்த திரை

டிஜிட்டல் யுகத்தில் முதுகுத் திரையைச் சாமானிய மக்களுக்குப் பழக்கியது ஒரு கடிகாரக் கம்பெனி என்றால் வியப்பாக இருக்கும். 1995-ல் கேஸியோ வெளியிட்ட 'கியூவி-10' என்ற சின்னக் காமிராவில் 1.8 அங்குலத் திரை இருந்தது. அதைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். சின்னக் காமிராக்கள் எல்லாம் அந்த வழியே போயின. பெரிய எஸ்.எல்.ஆர். காமிராக்கள் மட்டும் நெடுநாள் அந்தப் பக்கம் போகவில்லை. அவற்றின் திரை, எடுத்து முடித்த படத்தைப் பார்க்க மட்டுமே பயன்பட்டது. காரணம் எளிது. சென்ஸாருக்கு முன்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் மூடிய ஷட்டர். இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற ஆளிடம் 'வெளியே என்ன தெரிகிறது?' என்று கேட்டால் எப்படிச் சொல்வான்?

2006-ல் ஒலிம்பஸ் கம்பெனியின் 'இ-330' அந்தக் கதவைத் திறந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். காமிராக்களில், எந்த நேரமும் திரையைப் பார்த்துப் படம் எடுக்கும் வசதியுடன் வந்த முதல் காமிரா அதுதான். 2007-ல் கேனனும் நிக்கானும் பின்தொடர்ந்தன. 2008-ல் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 என்ற இரண்டு காமிராக்கள் சினிமாவும் எடுக்கத் தொடங்கின. சினிமா எடுக்கும்போது கண்ணாடி மேலேயே நின்றாக வேண்டும். ஆகவே அந்த வேலைக்கு வியூபைண்டர் உதவாது, திரைதான் கதி. கல்யாண வீடியோக்காரர்கள் எஸ்.எல்.ஆரைத் தூக்கத் தொடங்கியதும் இதற்குப் பிறகுதான்.

ரேடியோ திருகுகிறவர்

இரண்டு ஜன்னல்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை போகஸ் செய்வதில் இருக்கிறது. படம் கெடுவதும் வாழ்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

வியூபைண்டரில் பார்க்கும்போது, சாய்ந்த கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடுகிறது. பின்னால் உள்ள இன்னொரு சிறு கண்ணாடி அதைக் காமிராவின் அடித்தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே தனியாக ஒரு சென்ஸார் காத்திருக்கிறது. லென்ஸின் இரண்டு ஓரங்களிலிருந்து வந்த ஒளியை அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கொண்டே லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணக்கிட்டுவிடுகிறது. வழி தெரிந்தவனிடம் விசாரித்தால், 'தெற்கே போய் மூன்றாவது சந்தில் திரும்புங்கள்' என்பானே, அதுபோல. அதனால்தான் பறக்கும் பறவையைக்கூட அது விடாமல் துரத்துகிறது.

லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விட்டதால் அந்த வழிகாட்டிக்கு ஒளியே கிடைப்பதில்லை. பழைய மாடல்கள் வேறு உபாயம் செய்தன. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, பிம்பம் எங்கே மிகக் கூர்மையாகிறது என்று தேடின. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறவர் முள்ளைத் திருகி, ஸ்டேஷனைத் தாண்டிப் போய், பாட்டு மங்கியதும் 'அடடா' என்று திரும்பி வருவாரே, அதே கதைதான். இந்தத் தேடலுக்கு ஒரு விநாடியும் ஆகும், மேலும் ஆகும். அதற்குள் தாலியின் மூன்று முடிச்சும் விழுந்துவிடும்!

2013-ல் கேனன் 70டி காமிராவில் இந்த நிலை மாறியது. சென்ஸாரின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் ஒப்பிடச் செய்தார்கள். அடித்தளத்தில் இருந்த வழிகாட்டி சென்ஸாருக்கே குடிவந்த மாதிரி. ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய எஸ்.எல்.ஆர். பலவற்றில் ரேடியோ திருகும் முறைதான் இருக்கிறது. செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் வியூபைண்டர் வழிகாட்டி தவறே செய்யாதா? செய்யும். அடித்தளச் சென்ஸாருக்கு ஒளி வரும் தூரமும், பதிவுச் சென்ஸாருக்கு ஒளி வரும் தூரமும் மயிரிழையும் பிசகாமல் சமமாக இருக்கவேண்டும். சிறிது வேறுபட்டாலும், கண்ணில் வைத்த குறி மூக்கு நுனியிலோ காது மடலிலோ போய் விழும். பார்க்கும்போது தெரியாது, படத்தைப் பெரிதாக்கினால்தான் குட்டு வெளிப்படும். லைவ் வியூவில் இந்த வம்பு இல்லை. எந்தச் சென்ஸாரில் படம் பதியுமோ, அதுவே குறியும் பார்க்கிறது. மெதுவாகச் செய்யும், ஆனால் திருந்தச் செய்யும்.

ஓடுகிறவையும் நிற்கிறவையும்

ஆகவே கேள்வி, 'எது சிறந்தது?' என்பதல்ல. எதிரே இருப்பது ஓடுகிறதா, நிற்கிறதா?

வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை ஒன்று கூட்டுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட லென்ஸ் மாட்டிய காமிராவைக் கையை நீட்டிப் பிடித்துத் திரையில் அந்தப் பறவையைத் தேடுவது, வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. காமிரா ஆடும். உச்சி வெயிலில் திரையில் தம் முகமே தெரியும். வியூபைண்டரில் பார்க்கிறவருக்கு இரண்டு கைகளோடு நெற்றியும் சேர்ந்து மூன்று தாங்கல். முழங்கைகள் விலாவில் ஒட்டிக்கொள்கின்றன. பழகிய கைகள் இன்னொரு கண்ணையும் திறந்தே வைத்திருக்கும். ஒரு கண் நாரையைப் பார்க்க, மற்றது அடுத்து வரப் போகும் நாரையைப் பார்க்கும்.

பழைய கோயில் ஒன்றின் சுவரில் உள்ள கல்வெட்டைப் படம் எடுப்பவர் நிலை நேர் எதிர். எழுத்து எங்கும் ஓடிவிடப் போவதில்லை. முக்காலியில் காமிராவை நிறுத்தி, லைவ் வியூவைப் போட்டு, ஓர் எழுத்தைப் பத்து மடங்கு பெருக்கி, கையாலேயே லென்ஸைத் திருகினால், உளி பட்ட தடம்கூடத் தெளிவாக வந்து நிற்கும். (தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும்.) கண்ணாடி ஏற்கனவே மேலே போயிருப்பதால், அது துள்ளும் அதிர்ச்சியும் படத்தைத் தாக்குவதில்லை. நட்சத்திரங்களைப் படம் எடுப்போர் லைவ் வியூ இல்லாமல் எப்படிக் காலந்தள்ளினார்கள் என்பதே ஆச்சரியம். வியூபைண்டரில் அவர்களுக்குத் தெரிவது கறுப்பு ஒன்றுதான்.

திரை தனியே மடங்கித் திரும்பும் காமிராவாக இருந்தால் இன்னும் சில சௌகரியங்கள் உண்டு. வாசலில் கோலம் போடும் விரல்களைத் தரைமட்டத்தில் எடுக்க, வயிற்றை மண்ணில் வைத்துப் படுக்க வேண்டாம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் காமிராவைத் தலைக்கு மேல் உயர்த்தி, கீழிருந்து அண்ணாந்து பார்த்தே எடுத்துவிடலாம்.

குழந்தைகள் விஷயத்தில்தான் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். காமிராவுக்குப் பின்னால் முகம் மறைந்துவிட்டால் சில குழந்தைகள் மிரளும். திரையைப் பார்த்து எடுக்கும்போது எடுப்பவர் முகம் வெளியே தெரிகிறது. சிரிக்கலாம், பேசலாம், நாக்கைக் கூட நீட்டலாம். ஆனால் குழந்தை ஓடுகிறவர்கள் வரிசையைச் சேர்ந்தது ஆயிற்றே!

நூற்றுக்குத் தொண்ணூறு

சிறு ஜன்னலுக்கு இன்னும் சில பொய்கள் உண்டு. ஆரம்பக்காரர்கள் வாங்கும் கேனன் 1500டி, நிக்கான் டி3500 போன்றவற்றில் வியூபைண்டர் காட்டுவது படத்தின் அகலத்திலும் உயரத்திலும் 95 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பரப்பளவில் சுமார் 90 சதவீதம்தான். பத்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமலே படத்தில் வந்து சேருகிறது. மணமக்களின் ஓரத்தில் எவருடைய முழங்கையோ, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலோ எப்படி முளைத்தது என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான். திரை ஏறக்குறைய முழுவதையும் காட்டிவிடுகிறது.

பின்னணியை மங்கச் செய்யும் லென்ஸ்களிலும் ஜன்னல் ஏமாற்றும். பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக வடிவமைத்த இக்காலத்து வியூபைண்டர் தகடு, இருப்பதைவிட அதிகக் கூர்மையாகவே காட்சியைக் காட்டுகிறது. வெளிச்சம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, பந்தல் விளக்கில் முகம் மஞ்சளாக வருமா என்பதையும் ஜன்னல் சொல்லாது. திரை சொல்லும். ஆனால் திரையை முழுக்க நம்புவதும் ஆபத்து. இரவில் அது பிரகாசமாகத் தெரியும். படம் நன்றாக வந்துவிட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒரே இருட்டாக இருக்கும்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் பலர், ஜன்னலில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லித் திரைக்கு ஓடிவிடுகிறார்கள். ஜன்னலின் பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சக்கரம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஜன்னலுக்குள் தெரியும் எண்கள் கூர்மையாகும் வரை அதைத் திருப்பினால் போதும். பலருக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்க முடியும். காமிரா வாரில் சிறு ரப்பர்த் துண்டு ஒன்று கோத்திருக்குமே, அதுவும் அலங்காரத்துக்கு அல்ல. முக்காலியில் காமிராவை வைத்துவிட்டுத் தாமும் போய்க் குடும்பத்தோடு நிற்கும்போது, கண் இல்லாத ஜன்னலின் வழியே பின்பக்க வெளிச்சம் புகுந்து ஒளிக் கணக்கைக் கெடுக்கும். அந்த ஜன்னலை மூடத்தான் அந்த ரப்பர்.

செலவுக் கணக்கும் உண்டு. கேனன் 5டி மார்க் 4 காமிராவில், ஒரு முறை பாட்டரியை நிரப்பினால் வியூபைண்டர் வழியே சுமார் 900 படங்கள் எடுக்கலாம் என்கிறது கம்பெனி. லைவ் வியூவில் எடுத்தால் சுமார் 300. முகூர்த்தம் முடியும் முன்பே பாட்டரி கண்ணை மூடிவிட்டால் போட்டோக்காரர் யார் முகத்தில் விழிப்பது? நெடுநேரம் விழித்திருக்கும் சென்ஸார் சூடேறுவதும் உண்டு. சித்திரை வெயிலில் சில காமிராக்கள் திரையில் வெப்ப எச்சரிக்கை காட்டித் தாமே ஓய்வெடுத்துக்கொள்ளும்.

விடைபெறும் கண்ணாடி

இந்த வழக்கில் தீர்ப்பை வியாபாரம் முந்திக்கொண்டுவிட்டது. 2008-ல் பானஸோனிக் வெளியிட்ட 'ஜி1' காமிராவில் கண்ணாடியே இல்லை. சிறு ஜன்னல் இருந்தது. அதற்குள்ளும் ஒரு குட்டித் திரை! 2018-ல் கேனனும் நிக்கானும் தங்கள் பெரிய காமிராக்களில் அதே வழிக்கு வந்தன. 2020-ல் வெளியான '1டி எக்ஸ் மார்க் 3'தான் தங்கள் கடைசி உயர்தர எஸ்.எல்.ஆர். என்று கேனன் கம்பெனியின் தலைவர் 2021-ல் சொல்லிவிட்டார். அதே 2021-ல் பென்டாக்ஸ் மட்டும் புதிய எஸ்.எல்.ஆர். ஒன்றை வெளியிட்டது. கண்ணாடியை உடனே திரும்பி வரச் செய்த கம்பெனியின் பெயர், கண்ணாடியைக் கைவிட மறுத்தது பொருத்தம்தான்.

ஆனால் விற்றுத் தீர்ந்த லட்சக்கணக்கான எஸ்.எல்.ஆர். காமிராக்கள் இன்னும் ஜனங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. 2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டில் மீண்டும் ஒன்று தெரியும். அன்று வியூபைண்டரில் சூரியனைப் பார்ப்பது, வெயிலில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்துவதற்குச் சமம். காகிதத்தின் இடத்தில் இருப்பது கண்! கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஜன்னலில் பார்த்தாலும் பயனில்லை. லென்ஸ் குவித்த வெப்பம் அதைத் துளைத்துவிடும். சூரிய பில்டரை லென்ஸின் முன்னால் மாட்டவேண்டும். திரையைப் பார்த்து எடுத்தால் கண் தப்பும். ஆனால் பில்டர் இல்லாவிட்டால் சென்ஸார் தப்பாது.